சிலம்ப வகுப்புக்கு மென்பொருள்: நோட்டு எழுதத் தெரிந்தவரே வழி சொல்லணும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், கணக்குப் பயிற்சிக் குழு சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாங்கள் பேச வந்திருக்கிற தலைப்பைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். கராத்தே, சிலம்பம் சொல்லிக் கொடுக்கிற கூடங்களை நிர்வாகம் செய்ய ஒரு மென்பொருள் எப்படி உருவாக்குவது என்பதுதான் தலைப்பு. "தக்காளி விலை இல்லாம கெடக்குது, நூறு நாள் வேலை சம்பளம் வரலை, இதுல சிலம்பத்துக்குக் கம்ப்யூட்டரா?" என்று கேட்பீர்கள். கேட்கணும். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுமையாகக் காது கொடுங்கள்.

இது எதுக்கு நமக்கு?

அரசுப் பள்ளிகளில் 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுக்க ஒரு திட்டம் இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வரும் அதற்கு ராணி லட்சுமிபாய் பெயர் வைத்திருக்கிறார்கள். பயிற்சிக் காலம் 3 மாதம். 3 மாதத்தில் பிள்ளைக்கு ஆசை பிறக்கும், தைரியம் முளைக்கும். அதற்குப் பிறகு? பயிற்சி முடிந்ததும் கையும் காலும் பழையபடி மறந்துவிடும்.

தொடர்ந்து கற்றுக்கொள்ள வேண்டுமானால் ஊரிலேயே சாயங்கால வகுப்பு நடக்கணும். ஆசான் ஒருவர் வரணும், இடம் வேணும், கம்பு வேணும், மாதக் கட்டணம் வசூல் ஆகணும். இதையெல்லாம் யார் பார்ப்பது? ஆசானுக்குக் கம்பு சுற்றத் தெரியும். ரசீது போட நேரம் இருக்காது. நாங்கள் பார்த்த வரையில் ஊர் வகுப்புகள் கம்பு இல்லாமல் நின்றதை விடக் கணக்கு இல்லாமல் நின்றதுதான் அதிகம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வகுப்பில் 40 பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 6,000. ஆசானுக்கு 4,500, விளக்குக்கும் கம்புக்கும் 500. மீதி 1,000 ரூபாய். இதில் 10 பேர் கட்டவில்லை என்று நோட்டு சொல்கிறது. வரவு 4,500 ஆகிவிடும், 500 ரூபாய் துண்டு விழும். விசாரித்தால் அந்தப் 10 பேரில் 4 பேர் கட்டியிருக்கிறார்கள், எழுதத்தான் விட்டுப்போயிற்று. அந்த 600 ரூபாயைச் சேர்த்தால் வகுப்பு 100 ரூபாய் மீதியில் நிற்கிறது. வகுப்பு நடக்குமா நிற்குமா என்பதை இங்கே 4 ரசீதுதான் முடிவு செய்கிறது. இந்த வேலை நமக்குப் புதுசா? இல்லவே இல்லை.

மென்பொருள் என்றால் என்ன?

பயந்துக்க வேண்டாம். ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கிற நோட்டுப் புத்தகங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் குழுவில் உறுப்பினர் பதிவேடு, வருகைப் பதிவேடு, ரொக்கப் புத்தகம், சேமிப்பு-கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் இருக்கிறதல்லவா? ஒருவர் தவணை கட்டினால் அதை ரொக்கப் புத்தகத்தில் எழுதி, பேரேட்டில் எழுதி, அவர் பாஸ் புத்தகத்திலும் எழுதுகிறோம். மூன்று இடத்தில் கை வைக்கிறோம். மென்பொருளில் ஒரு இடத்தில் எழுதினால் மற்ற இரண்டும் தானாக மாறிக்கொள்ளும். அவ்வளவுதான் வித்தை.

சிலம்பக் கூடத்துக்கும் இதே நோட்டுகள்தான். யார் யார் சேர்ந்தார்கள், யார் இன்றைக்கு வந்தார்கள், யார் எவ்வளவு கட்டணும், யார் எவ்வளவு கட்டினார்கள், யார் எந்த நிலையில் இருக்கிறார்கள், எந்த வகுப்பு எத்தனை மணிக்கு என்று ஆறு கேள்வி. இந்த ஆறுக்கும் பதில் சொல்கிற நோட்டு இருந்தால் கூடம் நடக்கும். கணினியில் வேலை செய்கிறவர் முதலில் இந்த ஆறையும் கட்டம் கட்டமாக வரைவார். அந்தக் கட்டத்தில் என்ன என்ன வரணும் என்று சொல்ல வேண்டியவர் தினமும் நோட்டு எழுதுகிறவர்தான். அங்கேதான் நம் வேலை வருகிறது. நான்கு விஷயம் மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, எண். ஒரு வகுப்பில் மூன்று பிரியா இருப்பார்கள், இரண்டு கவிதா இருப்பார்கள். பெயரை வைத்துக் கணக்கு எழுதினால் ஒரு பிரியா கட்டிய பணம் இன்னொரு பிரியா பெயரில் ஏறிவிடும். செல்போன் எண்ணை வைக்கலாமா? அக்கா தங்கை இரண்டு பேருக்கும் அப்பாவின் ஒரே போன்தான். ஆகவே சேரும்போதே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் கொடுக்கணும். பிள்ளை வகுப்பை விட்டுப் போனாலும் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, கட்ட வேண்டியது வேறு, கட்டியது வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதணும். கடனில் கேட்புத் தொகை, வசூல் தொகை என்று பிரித்து எழுதுகிறோமே, அதே மாதிரி.

மூன்றாவது, அழிக்கக் கூடாது. ரொக்கப் புத்தகத்தில் தப்பு வந்தால் ரப்பர் போடுகிறோமா? கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். மென்பொருளும் அப்படித்தான் இருக்கணும். யார் மாற்றினார், என்றைக்கு மாற்றினார், முன்னால் என்ன இருந்தது என்பது நிற்கணும்.

நான்காவது, நிலை. கராத்தேயில் வெள்ளை பெல்ட்டில் தொடங்கிக் கறுப்பு வரை போவார்கள். நடுவில் உள்ள நிறங்கள் பிரிவுக்குப் பிரிவு மாறும். சிலம்பத்தில் காலடி, வீச்சு, ஒற்றைக்கம்பு, இரட்டைக்கம்பு, சுருள்வாள் என்று ஆசான் தன் வரிசைப்படி கொண்டுபோவார். ஆகவே நிலைகளின் பெயரை நாமே எழுதிக்கொள்ள மென்பொருளில் இடம் இருக்கணும். "இந்தப் பிள்ளை இத்தனை வகுப்பு வந்திருக்கு, தேர்வுக்கு உட்காரலாம்" என்று கணினி நினைவுபடுத்தலாம். தேறியதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் ஆசான்தான்.

வெளியூர் மென்பொருள் நமக்குப் பொருந்துமா?

உலகத்தில் இது பெரிய தொழில். அமெரிக்காவில் 2001-ல் தொடங்கிய மைண்ட்பாடி என்ற நிறுவனம் யோகா, உடற்பயிற்சிக் கூடங்களுக்கு மென்பொருள் செய்து பெயர் வாங்கியது. தற்காப்புக் கலைக் கூடங்களுக்கென்றே பெல்ட் கணக்கோடு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஜிம்டெஸ்க் அப்படி ஒன்று. நல்ல மென்பொருள்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவை அந்த ஊர் வழக்கத்துக்குத் தைத்த சட்டை. அங்கே மாதம் பிறந்தால் வங்கி அட்டையிலிருந்து கட்டணம் தானாகக் கழியும். நம்ம ஊரில் சந்தை முடிந்த மறுநாள் 100 ரூபாய் கொடுத்து, "மீதி 50 அடுத்த வாரம் தர்றேங்க" என்பார்கள். அந்த 100-ஐ வாங்கி எழுத மென்பொருளில் இடம் வேணும். தமிழ் வேணும். மலைக் கிராமத்தில் சிக்னல் இல்லாதபோதும் வருகை குறிக்க முடியணும், சிக்னல் கிடைத்ததும் அது போய்ச் சேரணும்.

இன்னொன்று முக்கியம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ, செங்கல் சூளைக்கோ பெற்றோர் போனால் பிள்ளையும் கூடப் போகும். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும். தானாக மாதக் கட்டணம் ஏற்றுகிற மென்பொருளாக இருந்தால், வந்த அன்றைக்கே "பாக்கி 450" என்று காட்டும். அதைக் கேட்ட அம்மா அடுத்த நாள் பிள்ளையை அனுப்புவாரா? மாட்டார். ஆகவே "தற்காலிகமாக நிறுத்தி வைத்தது" என்று ஒரு குறி கட்டாயம் வேணும். போன மாதங்களுக்குக் கட்டணம் ஏறக் கூடாது. மென்பொருள் எழுதுகிற பட்டணத்துப் பையனுக்கு இது எப்படித் தெரியும்? நமக்குத்தான் தெரியும், நாம்தான் சொல்லணும்.

குழுக் கணக்கு கணினிக்குப் போனபோதும் இதைப் பார்த்தோம். நபார்டு வங்கி 2015 மார்ச் மாதம் இ-சக்தி என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஜார்க்கண்டில் ராம்கட், மகாராஷ்டிராவில் துலே என்ற இரண்டு மாவட்டங்களில் முதலில் குழுக் கணக்குகளைக் கணினியில் ஏற்றினார்கள். பிறகு ஊரக வாழ்வாதார இயக்கத்தில் லோக்ஓஎஸ் செயலி வந்தது. நோட்டு ஒழுங்காக இருந்த குழுவின் கணக்கு கணினியிலும் ஒழுங்காக ஏறியது. நோட்டு இல்லாத குழுவுக்குக் கணினி வந்து கணக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

வராத பிள்ளையின் கட்டம்

சகோதரிகளே, இப்போது சொல்லப்போவதுதான் இந்தப் பேச்சின் உயிர்.

வியாபாரத்துக்காகச் செய்த மென்பொருளைத் திறந்தால் பெரும்பாலும் பணம்தான் முன்னால் நிற்கும். இந்த மாதம் வசூல் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, புதிதாகச் சேர்ந்தவர் எத்தனை. கடை நடத்துகிறவருக்கு அது சரி. நம் வகுப்புக்கு முதல் பக்கத்தில் வேறு ஒன்று வரணும். தொடர்ந்து மூன்று வகுப்பு வராத பிள்ளைகள் யார் யார்?

ஏன் அப்படிச் சொல்கிறோம்? ஒரு பெண் பிள்ளை திடீரென்று வரவில்லை என்றால் காரணம் பல இருக்கும். காய்ச்சலாக இருக்கலாம். வயதுக்கு வந்ததால் வீட்டில் நிறுத்தியிருக்கலாம். மில் வேலைக்கு அனுப்பியிருக்கலாம். வகுப்புக்கு வரும் வழியில் யாரோ தொந்தரவு செய்திருக்கலாம், அதை வீட்டில் சொல்லப் பயந்திருக்கலாம். அல்லது அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கலாம். பள்ளி விடுமுறைக் காலத்தில் பள்ளிப் பதிவேடு அந்தப் பிள்ளையைக் காட்டாது. சாயங்கால வகுப்பின் வருகைப் பதிவேடு காட்டும்.

2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181. இவை நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் தகவல் தெரிந்தால்தானே போன் செய்ய முடியும்? பந்தல் போட்ட பிறகு தெரிந்து என்ன பிரயோசனம்? மூன்றாவது வகுப்பு வராத அன்றே பதிவேடு கை காட்டினால், நாலாவது நாள் நம்மில் ஒருவர் அந்த வீட்டு வாசலில் நிற்கலாம். "ஏம்மா, பாப்பா வரலையே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வியில் பல விஷயம் வெளியே வரும்.

இதை மென்பொருள் செய்யுமா? குறுஞ்செய்தி அனுப்பும். "உங்கள் மகள் 3 வகுப்புகளுக்கு வரவில்லை" என்று அப்பா போனுக்குப் போகும். நிறுத்தியவரே அப்பாவாக இருந்தால் அந்தச் செய்தி யாருக்குப் பயன்? ஆகவே கணினி பெயரைக் காட்டணும், நடந்து போக வேண்டியவர் நாம். யார் போனார், என்ன தெரிந்தது, அடுத்து என்ன செய்யணும் என்று எழுதவும் ஒரு கட்டம் வேணும்.

நம் தர்மபுரி மாவட்டம் பெண் பிள்ளைகள் கணக்கிலேயே வராமல் போன காலத்தைப் பார்த்திருக்கிறது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் நம் மாவட்டத்துக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. பிறந்த பெண்ணை எண்ணிக்கையில் வைக்க அவ்வளவு பாடுபட்ட மண் இது. வளர்ந்த பெண் எண்ணிக்கையிலிருந்து நழுவும்போது பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

விவரம் பத்திரம்

பிள்ளைகளின் விவரம் நகை மாதிரி. எந்தப் பெண் எந்த வழியாக எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறாள் என்பது தப்பான கைக்குப் போனால் தற்காப்புக் கலை சொல்லிக் கொடுத்ததே வீணாகும். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. நாம் கடைப்பிடிக்க வேண்டியது இவ்வளவுதான்.

1. தேவையில்லாததைக் கேட்க வேண்டாம். பெயர், பிறந்த தேதி, பெற்றோர், தொடர்பு எண், உடம்பில் ஏதாவது தொந்தரவு இருந்தால் அது. இவை போதும். வகுப்பில் சேர ஆதார் எண் எதற்கு?

2. ஆளுக்கு ஏற்ற சாவி. ஆசானுக்கு வருகையும் நிலையும் தெரிந்தால் போதும். பணம் வாங்குகிறவருக்குக் கட்டணப் பக்கம். வீட்டு முகவரி பொறுப்பாளர் இருவருக்கு மட்டும். ஒரு வீட்டுப் பாக்கி இன்னொரு வீட்டுக்குத் தெரியக் கூடாது.

3. கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டாம். பொறுப்பாளர் மாறினால் கடவுச்சொல்லும் மாறணும்.

4. பிள்ளைகள் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் வாட்ஸ்அப்பில் போட வேண்டாம்.

5. பணம் தனி ஆளின் போனுக்கு வர வேண்டாம். போனில் கட்டுகிறவர்களும் கூட்டமைப்பின் வங்கிக் கணக்குக்கே கட்டணும். ரொக்கமோ போனோ, எதற்கும் ரசீது உண்டு.

எப்படித் தொடங்குவது?

நாளைக்கே கம்ப்யூட்டர் வாங்கணும் என்று தீர்மானம் போட வேண்டாம். முதல் 3 மாதம் நோட்டிலேயே எழுதுங்கள். எந்தக் கட்டம் காலியாகவே கிடக்கிறது, எதற்கு இடம் பத்தவில்லை என்று அதுவே சொல்லும். அதற்குப் பிறகு கூட்டமைப்பு அலுவலகக் கணினியில் எக்செல் தாளில் ஏற்றுங்கள். 40, 50 பிள்ளைகள் வரை அதுவே தாராளமாகப் போதும். நாலைந்து ஊரில் வகுப்பு நடந்து, ஒரே ஆசான் இரண்டு ஊருக்குப் போய், பதிவேடுகளைச் சேர்த்துப் பார்க்க முடியாமல் திணறும்போதுதான் மென்பொருள் வேணும்.

அப்போது விற்க வருகிறவரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். தமிழில் இருக்கா? சிக்னல் இல்லாமல் ஓடுமா? மாத வாடகை எவ்வளவு, அடுத்த வருஷம் ஏறுமா? நாளைக்கு வேண்டாம் என்றால் எங்கள் கணக்கு முழுவதையும் எக்செல் தாளாக எடுத்துக் கொடுப்பீர்களா? எங்கள் பிள்ளைகள் விவரத்தை வேறு யாருக்காவது கொடுப்பீர்களா? நாலாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். கணக்கு நம்முடையது, அடமானம் வைக்கக் கூடாது.

நம் வீட்டிலேயே கம்ப்யூட்டர் படித்த பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். "பட்டணம் போனாத்தான் மென்பொருள் எழுத முடியும்" என்பது பழைய பேச்சு. தென்காசி பக்கம் மத்தளம்பாறை கிராமத்தில் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் நடத்துகிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கும் வைத்துக்கொள்கிறது. நம் பிள்ளை கணினி தெரிந்தவள், நாம் நோட்டு தெரிந்தவர்கள். ஒரு பாயில் உட்கார்ந்தால் நம் ஊருக்குத் தைத்த சட்டை கிடைக்கும். முதலில் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் செய்யச் சொல்லுங்கள், வருகை மட்டும். அது ஒரு மாதம் தப்பில்லாமல் ஓடினால் கட்டணம். பிறகு நிலை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் ஒன்றும் உருப்படாது.

பிறந்த தேதியை மட்டும் முதலிலேயே சான்றிதழைப் பார்த்துச் சரியாக எழுதிவிடுங்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பமும் உண்டு. போட்டி நேரத்தில் சான்றிதழ் தேடி ஓடினால் பிள்ளையின் வாய்ப்பு போய்விடும்.

முடிவாக

தகடூர் அதியமான் ஆண்ட மண் இது. ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதை எல்லோருக்கும் தெரியும். அங்கே ஆயுதங்கள் நெய் பூசி, மாலை போட்டு, பளபளவென்று வீட்டுக்குள் இருந்தன. அதியமானின் ஆயுதங்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. எது உபயோகத்தில் இருந்தது என்று ஔவையார் சொல்லாமல் சொல்லிவிட்டார். கணினிக்கும் அதே கதைதான். மஞ்சள் குங்குமம் வைத்து, துணி போட்டு மூடிய கணினி நமக்கு வேண்டாம். ஓரம் கிழிந்து, எண்ணெய்க் கை பட்ட வருகைப் பதிவேடு அதைவிட மேல்.

1989-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் ஐஃபாட் நிதி உதவியோடு முதலில் தொடங்கியது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். "பொம்பளைங்க என்ன கணக்கு எழுதப் போறாங்க" என்று அன்றைக்குக் கேட்டவர்கள் உண்டு. எழுதினோம். அந்தக் கை இன்றைக்கு நம் பெண்களின் கம்புப் பயிற்சிக்கும் கணக்கு எழுதணும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் மூன்று விவரம் கொண்டு வாருங்கள். உங்கள் ஊரில் தற்காப்புக் கலை வகுப்பு நடக்கிறதா? எத்தனை பெண் பிள்ளைகள் வருகிறார்கள்? போன வருஷம் வந்து இந்த வருஷம் வராத பிள்ளைகள் யார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாத ஊரில் நாளைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள்.